சித்தப்பா ஜீப்பும் கழட்டிப் போட்ட முன் ஷாஃப்டும்



நாலு மாசமா எங்க களத்துல புளிய மரத்தடியில ஒரு ஜீப்பு எலும்பெலும்பா பிரிஞ்சு கிடக்குது. தார்ப்பாயில பல்சக்கரம், பேரிங், ஆக்சில் எல்லாம் வரிசையா அடுக்கியிருக்கோம். கோழி அதுமேல ஏறி நடக்குது. போறவங்க வர்றவங்க எல்லாம் ஒரே கேள்விதான். "இந்தப் பழைய இரும்புக்கு எதுக்குப்பா இம்புட்டுச் செலவு? எடைக்குப் போட்டா ஒரு மாடு வாங்கலாமே?" என் மகனும் அதையேதான் கேக்குறான். ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல. அதனால முதல்ல இருந்து எழுதிடுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இந்த வண்டியோட கதை நம்ம போடி மலையில ஆரம்பிக்கல. 1940-ல அமெரிக்காவுல ஆரம்பிக்குது. ஐரோப்பாவுல சண்டை மூண்டுருச்சு. குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலா சேத்துலயும் மணல்லயும் போற ஒரு சின்ன வண்டி வேணும்னு அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிக்கு எழுதிப் போட்டுச்சு. நாலு சக்கரமும் இழுக்கணும். எடை 590 கிலோவுக்குள்ள இருக்கணும். மாதிரி வண்டியை 49 நாள்ல கொண்டாந்து நிறுத்தணும். பெரிய கம்பெனிங்க அந்தப் பக்கமே திரும்பல. திவாலாகுற நிலைமையில இருந்த பாண்டம்ங்கிற சின்னக் கம்பெனி ஒத்துக்கிச்சு. கார்ல் ப்ரோப்ஸ்ட்னு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு வரைய வச்சு, செப்டம்பர் 23-ம் தேதி சாயங்காலம் கெடு முடியுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ராணுவ முகாமுக்குள்ள வண்டியை ஓட்டிட்டுப் போயிட்டாங்க.

அந்த அவசரத்துல புதுசா ஆக்சில் செய்ய நேரம் இல்ல. ஸ்பைசர் கம்பெனியில ஸ்டூட்பேக்கர் காருக்குச் செஞ்ச ஆக்சிலை எடுத்து, அதை மாத்தி, முன்பக்கமும் இழுக்குற மாதிரி ஆக்கிட்டாங்க. ஆக இந்த வண்டியோட அச்சு பிறப்புலயே ஒரு காரோட அச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க.

590 கிலோவுக்குள்ள அடக்க யாராலும் முடியல. ராணுவமே கணக்கை ஏத்திக் கொடுத்துச்சு. கடைசியில வில்லிஸ் கம்பெனியோட 60 குதிரைத் திறன் எஞ்சின் ராணுவத்துக்குப் பிடிச்சுப் போய், வில்லிஸும் ஃபோர்டும் சேந்து சண்டை முடியுறதுக்குள்ள 6 லட்சத்துக்கு மேல ஜீப் செஞ்சு தள்ளிட்டாங்க. கால் டன் வண்டின்னு அதுக்குப் பேரு. நாலு சிப்பாய், கொஞ்சம் சாமான், அவ்வளவுதான் அதோட லோடு.

சக்கரத்துக்கு இழுவை எப்படிப் போகுதுன்னு இங்க சொல்லிடுறேன். தெரிஞ்சவங்க தாண்டிப் போயிருங்க. எஞ்சினுக்குப் பின்னாடி கியர் பாக்ஸ். அதுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு இன்னொரு பெட்டி. வாய்க்கா மடை மாதிரி, வர்ற இழுவையை அதுதான் ரெண்டாப் பிரிக்கும். அதுல இருந்து பின்பக்கம் ஒரு புரொபல்லர் ஷாஃப்ட், முன்பக்கம் ஒண்ணு. ஒவ்வொரு ஷாஃப்டும் போய்ச் சேருற இடத்துல கிரவுன் பினியன், அதோட டிஃபரன்ஷியல். அங்க இருந்து ரெண்டு சக்கரத்துக்கும் ரெண்டு ஆக்சில். டிரைவர் பக்கத்துல பெரிய கியர் லீவரை ஒட்டி ரெண்டு குட்டி லீவர் இருக்கும். ஒண்ணு முன் சக்கரத்தைச் சேர்க்க, விலக்க. இன்னொண்ணு லோ கியர், ஹை கியர் மாத்த.

அந்த ரெண்டு குட்டி லீவருக்கும் நடுவுல உள்ளுக்குள்ள ஒரு பூட்டு வச்சிருக்காங்க. முன் சக்கரத்தைச் சேர்க்காம லோ கியர் விழவே விழாது. காரணம் இருக்கு. எங்க வண்டியில முதல் கியர், லோ, கிரவுன் பினியன் மூணையும் பெருக்கிப் பார்த்தா எஞ்சின் சுமார் 37 சுத்து சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். சுத்து குறையக் குறைய இழுவை அத்தனை மடங்கு ஏறும். அம்புட்டு இழுவையும் பின் ஆக்சில் ஒண்ணுக்கே போனா தாங்காது, நாலு சக்கரத்துக்கும் பிரிஞ்சு போகணும்னுதான் அந்தப் பூட்டு.

சண்டை முடிஞ்சு 1945-ல வில்லிஸ் கம்பெனி இதே வண்டியை விவசாயிகளுக்குன்னு விக்க ஆரம்பிச்சுச்சு. ஏர் உழலாம், அறுவை மெஷின் ஓட்டலாம்னெல்லாம் விளம்பரம். அப்ப சில இடத்துல பலப்படுத்துனாங்க, ஒரு இடத்துல செலவைக் குறைச்சாங்க.

பலப்படுத்துனதுக்கு நல்ல சாட்சி டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள இருக்குற நடு ஷாஃப்ட். ராணுவ ஜீப்புல அது முக்கால் இஞ்சு கனம். லோ கியர்ல இழுக்குற இழுவை பூராம் அதுமேல சுத்துற பல்சக்கரத்து வழியாத்தான் போகும். தேய்ஞ்சு போச்சுன்னா பெட்டி ஊளையிடும். சண்டைக்குப் பிறகு அதை ஒண்ணேகால் இஞ்சுக்கு அரைக்கால் குறைவா ஆக்குனாங்க. 1950-கள்ல ஒண்ணேகால் இஞ்சே ஆக்கிட்டாங்க. ரெண்டு தடவை கனம் ஏத்தியிருக்காங்கன்னா அதுல எம்புட்டு அடி விழுந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. கியர் பாக்ஸையும் கனமாக்கினாங்க. கிரவுன் பினியன்ல ராணுவ வண்டிக்கு 39-க்கு 8 பல்லு. விவசாயி வண்டிக்கு 43-க்கு 8. வேகம் குறையும், இழுவை கூடும்.

செலவைக் குறைச்ச இடம் பின் ஆக்சில். ராணுவ ஜீப்புல பின் சக்கரத்தோட ஹப்பு, ஆக்சில் குழாய் மேல தனி பேரிங்ல உக்காந்திருக்கும். வண்டி எடையைக் குழாய் தாங்கும். உள்ள இருக்குற ஆக்சில் ஷாஃப்டுக்குத் திருப்புறது மட்டும்தான் வேலை. ஷாஃப்ட் ஒடிஞ்சாலும் சக்கரம் கழண்டு போகாது. ஃபுல் ஃப்ளோட்டிங்னு இதுக்குப் பேரு, லாரியில பாத்திருப்பீங்க. 1945-க்குப் பிறகு வந்த சின்ன ஜீப்புகள்ல இதை மாத்தி, காருல இருக்குற மாதிரி ஆக்கினாங்க. எடையும் ஷாஃப்ட் மேல, திருப்புறதும் ஷாஃப்ட். ஷாஃப்டோட நுனி கூம்பா இருக்கும். அதுல ஹப்பை இறக்கி, சாவி வச்சு, நட்டு போட்டு இறுக்கணும். இது தப்பான வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். உலகம் பூராம் காரு அப்படித்தான் ஓடுச்சு. ஆனா அந்த நுனி ஒடிஞ்சா ஹப்பு, டிரம், சக்கரம் மூணும் சேந்து வெளிய வந்துரும்.

நம்ம நாட்டுக்கு ஜீப்பு வந்தது ரெண்டு வழியில. ஒண்ணு, சண்டை முடிஞ்சு ஏலத்துல விட்ட டிஸ்போசல் வண்டிங்க. இன்னொண்ணு, பம்பாய்ல மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் உரிமம் வாங்கி, பாகமா வந்ததை முதல்ல பூட்டி, அப்புறம் இங்கேயே செஞ்சது. இடையில 1948-ல ராணுவத்துக்குப் பழைய ஜீப்பை ரிப்பேர் பண்ணித் தர்றதா வெளிநாட்டுல போட்ட ஒப்பந்தம் பார்லிமென்ட்ல பெரிய சர்ச்சையாச்சு. 1955-ல அரசாங்கம் அதை மூடிருச்சு. சுதந்திர இந்தியாவோட முதல் ஊழல் புகார்னு இன்னைக்கும் சொல்றாங்களே, அது பிரிச்சுப் பூட்டுன ஜீப்பு மேல வந்ததுதான்.

அமெரிக்காவுல சிஜே-3பி மாடல் 1953-ல வந்து 1968-ல நின்னு போச்சு. எஞ்சின் உயரம்னு பானெட்டைத் தூக்கி வச்ச மாடல் அது. அங்க நின்ன பிறகும் இங்க பல வருசம் அதே அச்சு, அதே பெட்டி. நம்ம சினிமாவுல போலீஸ் ஜீப்னு பாக்குறதுல பாதி அதுதான்.

எங்க பக்கம் அது வந்து சேந்ததுக்குக் காரணம் ஏலக்காய். தேனி மாவட்டத்துல அடிவாரத்துல இருக்குற ஊருங்களுக்கு வேலை மேல, இடுக்கி மலையில. போடி, தேவாரம், கம்பம் பக்கமெல்லாம் வெள்ளன அஞ்சு மணிக்கு ஜீப்பு நிக்கும். பொம்பளையாளுக தூக்குச்சட்டியோட ஏறுவாங்க. தார் ரோடு முடிஞ்சு எஸ்டேட்டு மண் ரோடு, கல்லு ரோடுன்னு போகணும். பஸ் வராது. முன்னாடி கழுதையும் கோவேறு கழுதையும் ஏறுன பாதையில ஏற ஜீப்பு ஒண்ணாலதான் முடிஞ்சது.

நாலு சிப்பாய்க்குச் செஞ்ச வண்டியில பதினாலு, பதினஞ்சு பேரு. ஆளுக்கு அம்பது கிலோன்னு வச்சாலும் 700 கிலோவைத் தாண்டுது. ராணுவக் கணக்குல அந்த வண்டி ஏத்த வேண்டியது சாமானோட சேத்தே 360 கிலோதான். ஜீப்பு தாங்குச்சு. அது தாங்குனதைப் பாத்து நாங்க இன்னும் ரெண்டு பேரை ஏத்துனோம்.

எங்க சித்தப்பா 1984-ல செகண்ட் ஹேண்டுல வாங்குனது 1974 மாடல் பெட்ரோல் வண்டி. 1989-ல பெட்ரோல் கட்டுபடியாகாம டீசல் எஞ்சின் மாத்துனாரு. அப்ப எல்லாரும் மாத்துனாங்க. டீசல் எஞ்சின் போட்டதாலதான் கியரும் ஆக்சிலும் போகுதுன்னு ஒரு பேச்சு உண்டு. அதிர்வு கூடுனது நெசம். ஆனா என் கணக்குல பழி டீசலுக்குப் பாதிதான், மிச்சம் லோடுக்கு.

அடுத்த வருசம்தான் அந்த முன் ஷாஃப்டைக் கழட்டுனோம்.

ஏன்னா, குட்டி லீவரை விலக்கி வச்சாலும் முன் ஆக்சில், கிரவுன் பினியன், ஷாஃப்ட் எல்லாம் சக்கரத்தோட சேந்து சும்மா சுத்திக்கிட்டேதான் இருக்கும். டீசலைத் தின்னும், கிராஸ் தேயும், ஆயில் சீல் ஒழுகும். தார் ரோட்டுல மறந்து போய் முன் சக்கரத்தைச் சேத்து ஓட்டிட்டா இன்னும் மோசம். வளைவுல முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம் போகும். நடுவுல விட்டுக்கொடுக்க ஒண்ணும் கிடையாது. ஈரத்துணியை முறுக்குற மாதிரி ஷாஃப்ட் ரெண்டும் முறுக்கிக்கிட்டு லீவர் வெளிய வராது. மண்ணுல சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு இறங்கிரும், தாருல இறங்காது. போதாக்குறைக்கு நாங்க பின்னாடி புது டயரும் முன்னாடி மொட்டை டயருமா போட்டு ஓட்டுவோம். ரெண்டும் வேற வேற சுத்தளவு. கிராஸ் ஒடியாம என்ன செய்யும்?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் இல்ல. சண்டை முடிஞ்சு டிஸ்போசல் ஜீப்பு வாங்குன அமெரிக்கக்காரங்களுக்கும் இதே ரோதனைதான். 1948-ல சியாட்டில் பக்கம் ஆர்தர் வார்ன்ங்கிறவர், முன் சக்கர ஹப்புலயே திருகி விடுற மாதிரி ஒரு பூட்டு செஞ்சு வித்தாரு. வேண்டாதப்ப திருகி விட்டா சக்கரம் மட்டும் சுத்தும், உள்ள இருக்குறது எல்லாம் சும்மா நிக்கும். வேணும்னா திரும்பத் திருகிக்கலாம். இன்னைக்கு நம்ம பக்கமும் அது கிடைக்குது. 1990-ல எங்க ஊர்ல அதை யாரும் கண்ணால கூடப் பாத்ததில்ல. எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான், முன் ஷாஃப்டைக் கழட்டிப் பரண்ல போடுறது. அப்புறம் அதையும் வித்துட்டோம். லைன் ஜீப்புல பாதிக்கு மேல அப்படித்தான் ஓடுச்சு. வண்டிக்கு அடியில படுத்து யு-போல்ட் நட்டைக் கழட்டுனது நான். எனக்கு அப்ப இருபது வயசு. வண்டி லேசாயிருச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம்.

பெட்டிக்குள்ள இருந்த பூட்டு மட்டும் அப்படியே இருந்துச்சு. லோ கியர் வேணும்னா முன் லீவரையும் போடணும். சித்தப்பா மேட்டுல ரெண்டையும் போடுவாரு. முன் லீவரோட மறுமுனையில ஒண்ணுமே இல்ல. ஆக 37 மடங்கு இழுவையும், பதினஞ்சு ஆளு எடையும், அந்தக் கூம்பு நுனி ரெண்டு மேல. வரைஞ்சவங்க எது நடக்கக் கூடாதுன்னு பூட்டு வச்சாங்களோ, அதைத் தெனமும் ரெண்டு தடவை செஞ்சோம்.

1993 ஐப்பசி. நல்ல மழை. எஸ்டேட்டு ரோட்டுல கடைசி மேடு. நான் பின்னாடி தொங்கிக்கிட்டு நின்னேன். வண்டியில பதினாலு பேரு. 'டக்'குன்னு ஒரு சத்தம், தேங்காய் உடைச்ச மாதிரி. இடது பின் சக்கரம் டிரம்மோட வெளிய நழுவி ஓடைக்குள்ள உருண்டுச்சு. வண்டி இடது பக்கம் உக்காந்து, தகரம் சேத்தைக் கீறிக்கிட்டே பின்னாடி வழுக்குச்சு. இருபதடி இருக்கும். சித்தப்பா ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடிச்சு மண் திட்டுல முட்ட விட்டாரு. இல்லைன்னா மறுபக்கம் பள்ளம்.

குதிச்சவங்கள்ல எங்க தெரு அத்தை ஒருத்தங்க வண்டிக்கு அடியில மாட்டிக்கிட்டாங்க. இடுப்பெலும்பு போயிருச்சு. உசுரு இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அவங்க மலைக்கு வேலைக்குப் போகல, குனிஞ்சு ஒரு குடம் தூக்கல. போன தை மாசம் தவறிட்டாங்க.

ஊர்ல ஒரே பேச்சு. "பிரேக் பிடிக்காம வுட்டுட்டான். பயத்துல கை பிரேக்கைக் கூட இழுக்கல." சித்தப்பா பஞ்சாயத்துலயும் சொன்னாரு, ஸ்டேஷன்லயும் சொன்னாரு. "கால் பிரேக்கை மிதிச்சேன், அடி வரைக்கும் போயிருச்சு. கை பிரேக்கை இழுத்தேன், நிக்கல. கியர்லதான் இருந்துச்சு, அப்பவும் நிக்கல." மூணு பிரேக்கும் ஒரே நேரத்துல போகுமாய்யான்னு சிரிச்சாங்க. நானும் நம்பல. வண்டியில பின்னாடி நின்ன எனக்கு அவரு கை தெரியல. பொய் சொல்றாருன்னு நினைச்சேன், வெளிய சொல்லல. அவரு அதுக்கப்புறம் ஸ்டீயரிங் பிடிக்கல. வண்டியை எங்க தோட்டத்துக் கொட்டகையில தள்ளிவிட்டோம். நான் எப்பவாவது குப்பை அடிக்க எடுப்பேன், சமதரையில மட்டும்.

இந்த வருசம் மலையில எங்க பங்கு மேட்டு நிலத்துக்கு உரம் ஏத்த வண்டி தேவைப்பட்டுச்சு. வாடகை ஜீப்பு ஒரு நடைக்குக் கேக்குற காசுக்கு, இருக்குறதையே சரி பண்ணலாம்னு இறங்குனேன். பழைய மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், வயசு எழுபதுக்கு மேல, உக்காந்து சொல்லச் சொல்ல நானும் மகனும் பிரிச்சோம்.

பின் ஆக்சில்ல அந்த ஒடிஞ்ச துண்டு இன்னும் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. அண்ணன் அதைத் துடைச்சு வெயில்ல காட்டுனாப்ல. சாவி உக்கார்ற பள்ளத்தை ஒட்டி ஒரு வெல்டிங் தழும்பு. எப்பவோ சாவிப் பள்ளம் அகண்டு போய், வெல்டு வச்சு நிரப்பித் திரும்பக் கடைஞ்சிருக்காங்க. "வெல்டு வச்ச எடத்தை ஒட்டித்தான் தம்பி ஒடியும். சூட்டுல இரும்போட குணம் மாறிப் போயிரும். பாரு, முக்கால்வாசி ஒடிவு கருப்பா இருக்கு. அது முன்னாடியே விரிசல் விட்டுப் பழசானது. ஓரத்துல கொஞ்சம்தான் வெள்ளை. அன்னைக்கு ஒடிஞ்சது அது மட்டும்தான்."

நான் சித்தப்பா சொன்ன மூணு பிரேக் கதையைச் சொன்னேன். அண்ணன் சிரிக்கல. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி தொங்குன சின்ன டிரம்மைத் தட்டுனாப்ல.

"கை பிரேக்கு எங்க இருக்கு?"

அப்பத்தான் உறைச்சுச்சு. இந்த ஜீப்புல கை பிரேக்கு சக்கரத்துல இல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸோட வாயில, பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டைப் பிடிச்சா டிஃபரன்ஷியல் வழியா ரெண்டு சக்கரமும் நிக்கணும். ஆனா ஒரு பக்க ஆக்சில் ஒடிஞ்சிருச்சுன்னா? ஒரே நுகத்தடியில ரெண்டு மாடு, ஒரு மாட்டுப் பூட்டாங்கயிறு அறுந்தா நுகத்தடி அந்தப் பக்கமே திரும்பிரும். ஷாஃப்டைக் கல்லு மாதிரி பிடிச்சு வச்சாலும் ஒடிஞ்ச பக்கம் துண்டு சும்மா சுத்தும், நல்ல பக்கத்துச் சக்கரம் தன் பாட்டுக்குப் பின்னாடி உருளும். கியர்ல நிக்கிறதும் அதே வழிதான், அதுவும் போச்சு. கால் பிரேக்கு? டிரம் நழுவுனதும் உள்ள இருக்குற வீல் சிலிண்டர் வாய் பிளந்து ஆயில் கொட்டிரும். அந்தக் காலத்து ஜீப்புல நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். ஒரு இடத்துல போனா பெடல் அடி வரைக்கும் போகும்.

ஆக மூணும் ஒரே நேரத்துல போகும். போச்சு. சித்தப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

"முன் ஷாஃப்ட் இருந்து லீவரும் போட்டிருந்தா, கை பிரேக்கு முன் சக்கரத்தையும் சேத்துப் பிடிச்சிருக்கும் தம்பி. அந்த மழைச் சேத்துல முழுசா நின்னிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பிடிக்க ஒண்ணு இருந்திருக்கும்." அவரு சொல்லிட்டு வெத்தலை போடப் போயிட்டாப்ல. நான் அந்தத் துண்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அன்னைக்கு லீவர் போட்டுத்தான் இருந்துச்சு. ஷாஃப்டைக் கழட்டுனது நான்.

இனி வேலை விசயம். முன் ஆக்சில் முழுசா வேணும்னு மதுரையில பழைய சாமான் கடையில ஒண்ணு பிடிச்சேன். பதினோராயிரம். வீட்டுக்குக் கொண்டாந்து மூடியைத் திறந்து பல்லை எண்ணச் சொன்னாப்ல அண்ணன். 39. எங்க பின்பக்கம் 43. அதை அப்படியே பூட்டியிருந்தா முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம்னு சண்டை போட்டு முதல் மேட்டுலயே பெட்டி பிளந்திருக்கும். திருப்பிக் கொண்டுபோய், ஆயிரம் ரூபாய் நட்டத்துல மாத்திட்டு வந்தோம். பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குறவங்க தயவுசெஞ்சு முன்னாடியும் பின்னாடியும் பல்லை எண்ணிப் பாத்து வாங்குங்க.

டிரான்ஸ்ஃபர் கேஸுல நடு ஷாஃப்ட் விரல் நகம் மாட்டுற அளவுக்குத் தேய்ஞ்சிருந்துச்சு. புதுசு போட்டு, ஊசி பேரிங், தட்டை வாஷர் எல்லாம் மாத்துனோம். பின் ஆக்சில் ரெண்டும் புதுசு. லேத்துல கடைஞ்சு தர்றேன்னு ஒருத்தர் சொன்னாப்ல, பாதி விலைதான். நல்ல இரும்பாவே இருந்தாலும் பதமா சூடேத்தி ஆற வைக்காம போட்டா ஒண்ணு முறுக்கிக்கும், இல்ல ஒடியும். அதனால வேண்டாம்னுட்டேன். கூம்பு நுனியில ஹப்பை இறக்குறதுக்கு முன்னாடி மை தடவிப் பாத்தோம். முழுசும் ஒட்டணும். அங்கங்க ஒட்டுச்சுன்னா ஹப்பு ஆடும், ஆடுனா சாவிப் பள்ளம் அகலும். அப்புறம் நட்டை டார்க் வச்சு இறுக்கி, பத்து கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி இறுக்கணும். பழைய லைன் வண்டியில யாரு இதைச் செஞ்சது?

கிரவுன் பினியனுக்கு மட்டும் ரெண்டு நாள். ஷிம் போட்டு, பல்லுல செங்காவி தடவிச் சுத்தி, தடம் நடுவுல விழுற வரைக்கும் கழட்டி மாட்டணும். எட்டு தடவை மாட்டுனோம். மகன் நாலாவது தடவையே செல்போனை எடுத்துட்டான்.

பிரேக் லைனை முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சுட்டோம். ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் மாட்டலாமான்னும் விசாரிச்சேன், கை மீறுன விலை. முன் ஹப்புல திருகுற பூட்டு வாங்கிப் போட்டுட்டேன். டயர் அஞ்சும் ஒரே அளவு. எல்லாம் சேத்து எழுபதாயிரத்தைத் தாண்டிருச்சு. வீட்டுல இன்னும் முழுக் கணக்கு சொல்லல.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பின் புரொபல்லர் ஷாஃப்டை மட்டும் மாட்டாம வச்சுக்கிட்டு, வண்டியைக் களத்து மேட்டுச் சரிவுல ஏத்தி நிறுத்துனேன். பின்பக்கம் இழுவை இல்ல. 1993-ல இருந்த அதே நெலமை, சக்கரம் மட்டும் இருக்கு. பின் டயருக்குக் கல்லு வச்சாச்சு. சித்தப்பாவைக் கட்டில்ல உக்கார வச்சேன். வயசு 81. அத்தை மகனையும் வரச் சொல்லியிருந்தேன், ஒண்ணும் விளக்கமா சொல்லல. அவனும் வந்து நின்னான்.

முதல்ல முன் லீவரை விலக்கிட்டு கை பிரேக்கை முழுசா இழுத்தேன். கல்லை எடுக்கச் சொன்னேன். கால் பிரேக்குல இருந்து காலை எடுத்ததும் வண்டி சத்தமில்லாம பின்னாடி உருண்டுச்சு. கை பிரேக்கு இழுத்தது இழுத்தபடி இருக்கு. நாலடி விட்டு மிதிச்சு நிறுத்துனேன். அத்தை மகன் கிட்ட வந்து கை பிரேக் லீவரைத் தொட்டுப் பாத்தான், ஆட்டிப் பாத்தான். ஒண்ணும் பேசல.

திரும்ப மேல ஏத்தி, ஹப்பைத் திருகி, முன் லீவரைப் போட்டு, கை பிரேக்கை இழுத்துட்டுக் காலை எடுத்தேன். மகன் கல்லை எடுக்கப் பயந்துக்கிட்டு நின்னான்.

"எடுப்பா," அப்படின்னாரு சித்தப்பா கட்டில்ல இருந்து.

எடுத்தான். வண்டி நின்னுச்சு. நான் இறங்கி வந்து எல்லாரோடயும் நின்னு பாத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அத்தை மகன் போய்க் கட்டில்ல சித்தப்பா பக்கத்துல உக்காந்தான். என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியல, நான் சாமானைப் பொறுக்கப் போயிட்டேன்.

நாளைக்குப் பின் ஷாஃப்டை மாட்டணும். ரெண்டு யு-போல்ட் மரை போயிருக்கு, போடிக்குப் போயி வாங்கணும்.